புயலுக்கு யார் பொறுப்பு?

எனக்குப் பதினாறு வயது நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு நாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலுக்கு வந்து ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினாள். நாகபுரியில் வேலையாக இருந்த தன் மூத்த பிள்ளைக்கு எழுதியது.

"தம்பி, பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லி எழுதியிருக்கேன். தந்தி அடிச்சா பயந்துடுவான். போகிற வழியிலே தபாலிலே போட்டுடு" என்றாள்.

கடிதத்தைப் பூகோளப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டேன். தபால் பெட்டி இருக்கும் மூலையில் ஒரு சிநேகிதன் எதிர்ப்பட்டான். பேசிக்கொண்டே நடந்துவிட்டோம். மூன்று நாள் கழித்துப் பூகோள வகுப்பில் புத்தகத்தைத் திறந்தபோது கடிதம் மேஜை மேல் விழுந்தது. மத்தியான இடைவேளையில் ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டேன். மனசில் பெரிய உறுத்தல் ஒன்றும் இல்லை. முந்திய வருஷம் அத்தை கொடுத்த கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, அவளிடம் அசட்டுச் சிரிப்புச் சிரித்துத் தப்பித்துக்கொண்டவன் நான். அத்தையும் சிரித்தாள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் திடீரென்று காலமாகிவிட்டார். கடிதம் கிடைத்த அன்றே ரயிலேறிய பிள்ளை, தகனம் முடிந்த மறுநாள் வாசலில் வந்து இறங்கினார். மூன்று நாள் முன்னால் அது அவர் கைக்குப் போயிருந்தால் தகப்பனாரை உயிரோடு பார்த்திருப்பார்.

இரண்டு தடவை நான் செய்ததும் ஒரே தவறுதான். அதே மறதி, அதே அலட்சியம். முதல் தடவை அது ஒரு வேடிக்கைக் கதை. இரண்டாவது தடவை, இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் கை தயங்குகிற விஷயம். நடுவில் மாறியது என்ன? என் குணம் மாறவில்லை. வேறொருவருடைய இருதயம் எந்த நாளில் நின்றது என்பதுதான் மாறியது. எனக்குச் சற்றும் சம்பந்தமில்லாத அந்த ஒன்று, என்னை அற்பத் தவறு செய்தவன் என்ற இடத்திலிருந்து பெரிய தவறு செய்தவன் என்ற இடத்துக்கு எப்படித் தூக்கிப் போடலாம்?

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நான் பல புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். எனக்கு அதிகமாகத் துணை செய்தவர்கள் பழைய கிரேக்கர்கள்தான். அவர்கள் விடை சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கேள்வி அவர்களையும் தூங்க விடவில்லை என்பது தெரிந்ததில் ஓர் ஆறுதல்.

கிரேக்க மொழியில் 'ட்யுகே' என்று ஒரு சொல் உண்டு. அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். நாம் விதி என்று சொல்லும்போது யாரோ முன்கூட்டியே விதித்துவிட்டார்கள் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ட்யுகே அப்படியல்ல. அது வெறுமே 'நேர்ந்தது'. கல் தடுக்கியது, காற்று திரும்பியது, கப்பல் ஒரு நாழிகை பிந்தியது என்பவை எல்லாம் ட்யுகே.

ஏதென்ஸ் நகரத்தை வெகு காலம் முன்னின்று நடத்திய பெரிக்ளிஸைப் பற்றிப் புளூடார்க் ஒரு கதை சொல்கிறார். விளையாட்டுப் போட்டியில் ஒருவன் எறிந்த ஈட்டி தவறுதலாக இன்னொருவன் மேல் பாய்ந்து அவனைக் கொன்றுவிட்டது. குற்றவாளி யார்? ஈட்டியா, எறிந்தவனா, போட்டியை நடத்தியவர்களா? பெரிக்ளிஸும் புரோட்டகோரஸ் என்ற ஞானியும் இதைப் பற்றி ஒரு முழு நாள் விவாதித்தார்களாம். பெரிக்ளிஸின் மூத்த மகன் ஸான்திப்பஸுக்கும் தகப்பனாருக்கும் ஆகாது. வேலையற்றவர்கள் பேசும் பேச்சு என்று கேலி செய்து, இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியவன் அவன்தான்.

ஆனால் அது வீண் பேச்சல்ல. ஏதென்ஸின் சட்டத்திலேயே ஈட்டிக்கு இடமிருந்தது. கல்லோ மரமோ இரும்போ விழுந்து மனிதன் செத்தால், அந்தப் பொருளின் மீதே விசாரணை நடத்தி அதை எல்லைக்கு வெளியே எறிவதற்கென்று தனி நீதிமன்றம் இருந்தது. ட்ராகோவின் கொலைச் சட்டத்தைக் கி.மு. 409ல் மறுபடி கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் இன்றும் ஏதென்ஸ் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. அதில் முதலில் வருவது, வேண்டுமென்று செய்யாத கொலையைப் பற்றிய விதி. செய்தவனுக்கு மரண தண்டனை இல்லை. ஆனால் அவன் நாட்டை விட்டுப் போக வேண்டும். இறந்தவனுடைய உறவினர்கள் மனம் இரங்கி ஒப்புக்கொண்டால் திரும்பி வரலாம். மனசறியாமல் செய்தாய், அதனால் உன்னைக் கொல்ல மாட்டோம். ஆனாலும் உன் கையால் நடந்தது, அதனால் எதுவுமே நடக்காதது போல நீ எங்கள் நடுவில் உட்கார முடியாது என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. நிதானமாக யோசித்தால் எவ்வளவு மனிதத்தனம் உள்ள சட்டம் என்று தோன்றுகிறது.

அதே ஏதென்ஸ் நிதானம் இழந்தபோது என்ன நடந்தது என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும். இரண்டும் லெஸ்பாஸ் என்ற தீவை ஒட்டிய கடலில் நடந்தவை. நடுவில் இருபத்தொரு வருஷம்.

முதலாவது கி.மு. 427ல். ஸ்பார்ட்டாவுடன் நடந்துகொண்டிருந்த நீண்ட போரின் நடுவே, லெஸ்பாஸ் தீவிலிருந்த மிட்டிலீனி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்றது. கோபம் கொதித்துக்கொண்டிருந்த ஏதென்ஸ் மக்கள் சபை, அந்நகரத்து வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொன்றுவிட வேண்டும், பெண்டு பிள்ளைகளை அடிமைகளாக விற்றுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. உத்தரவைச் சுமந்துகொண்டு ஒரு போர்க்கப்பல் கிளம்பியது. ராத்திரி கழிந்து பொழுது விடிந்ததும் அதே மக்களுக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி கூடினார்கள். தண்டனை நிற்க வேண்டும் என்று க்ளியான் பேசினான். கூடாது என்று டயடோட்டஸ் பேசினான். கை தூக்கி எண்ணியபோது ஏறக்குறைய சமமாக இருந்து, மயிரிழையில் கருணைப் பக்கம் ஜெயித்தது.

முதல் கப்பல் புறப்பட்டு ஏறத்தாழ ஒரு நாளும் ஓர் இரவும் ஆகியிருந்தன. இரண்டாவது கப்பல் விரைந்தது. துடுப்புப் போட்டவர்கள் துடுப்பைக் கீழே வைக்காமலேயே, ஒயினும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த வாற்கோதுமை மாவைத் தின்றார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். இவ்வளவு செய்தும், எதிர்க்காற்று அடித்திருந்தால் பயனில்லை. தற்செயலாக, அன்று எதிர்க்காற்று இல்லை என்று துஸிடிடிஸ் எழுதுகிறார். முதல் கப்பல்காரர்களும் தாங்கள் போகிற காரியத்தின் கொடுமையை நினைத்து மெதுவாகத்தான் போனார்கள். அங்கே தளபதி உத்தரவைப் படித்துவிட்டு நிறைவேற்றத் தயாரான சமயத்தில் இரண்டாவது கப்பல் துறையில் வந்து சேர்ந்தது. நகரம் தப்பியது. கலகத்தின் தலைவர்கள் என்று பிடித்து அனுப்பப்பட்ட ஆயிரத்துக்குச் சற்று அதிகமானவர்கள் கொல்லப்பட்டதையும் துஸிடிடிஸ் மறைக்கவில்லை.

ஏதென்ஸ் மக்கள் அன்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர்கள் மனம் மாறியது அவர்களுடைய சிறப்பு. அந்த மனமாற்றம் பலித்தது காற்றின் தயவு. கடலில் சற்றே எதிர்க்காற்று வீசியிருந்தால், ஓர் ஊரையே அழித்த பாவிகள் என்ற பெயர்தான் அவர்களுக்கு நின்றிருக்கும். மறுநாள் காலை வருந்தினார்கள் என்பது ஓர் அடிக்குறிப்பாகப் போயிருக்கும். நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்ளுகிறோமே நாம், நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு காற்று வீசாமல் இருந்திருக்கிறது!

இரண்டாவது சம்பவத்துக்கு வருவதற்கு முன் மறுபடி பெரிக்ளிஸின் வீட்டுக்குப் போக வேண்டும். கி.மு. 451ல் அவரே ஒரு சட்டம் கொண்டுவந்தார். தாய் தகப்பன் இருவரும் ஏதென்ஸ் குடிமக்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்பது அது. பிறகு அவர் அஸ்பாசியா என்ற வெளியூர்ப் பெண்ணோடு வாழ்ந்தார். அவளிடம் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கும் பெரிக்ளிஸ் என்றே பெயர். தகப்பனார் போட்ட சட்டத்தால் அந்தக் குழந்தை குடிமகன் ஆக முடியவில்லை.

கி.மு. 430ல் ஏதென்ஸைக் கொள்ளைநோய் தாக்கியது. போருக்குப் பயந்து நாட்டுப்புறத்து ஜனங்கள் எல்லாரும் கோட்டைக்குள் வந்து அடைந்திருந்த நேரம். ஈட்டிக் கதை சொல்லிச் சிரித்த ஸான்திப்பஸ் செத்தான். அடுத்த மகன் பாரலஸும் செத்தான். எந்தத் துக்கத்திலும் கலங்காத பெரிக்ளிஸ், பாரலஸின் பிணத்துக்கு மாலை போடும்போது தாங்க முடியாமல் வாய்விட்டு அழுதார் என்று புளூடார்க் எழுதுகிறார். வம்சம் அற்றுப்போகாமல் இருக்கத் தன் சட்டத்துக்குத் தன் மகன் விஷயத்தில் விலக்கு வேண்டும் என்று அவர் கேட்டார். மக்கள் இரங்கிக் கொடுத்தார்கள். அஸ்பாசியாவின் மகன் குடிமகன் ஆனான். கி.மு. 429ல் பெரிக்ளிஸ் கண் மூடினார்.

அந்த விலக்கு ஒரு வரம் என்றே அன்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். குடிமகன் ஆனதால்தான் பிள்ளை பெரிக்ளிஸ் வளர்ந்து கடற்படைத் தளபதிகளில் ஒருவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இரண்டாவது சம்பவம்.

கி.மு. 406. ஏதென்ஸ் தளர்ந்து போயிருந்தது. கானன் என்ற தளபதியின் கப்பல்கள் மிட்டிலீனித் துறைமுகத்தில் முற்றுகையில் அகப்பட்டுக்கொண்டன. அவனை மீட்க முப்பதே நாளில் 110 கப்பல்களைத் தயார் செய்து, அடிமைகளையும் பிரபுக்களையும் ஒரே வரிசையில் துடுப்புப் பலகையில் உட்கார வைத்து அனுப்பியது ஏதென்ஸ். நேச நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து 150க்கு மேல் ஆயின. லெஸ்பாஸுக்கு எதிரே ஆர்கினூஸே என்ற சிறு தீவுகளின் அருகே ஸ்பார்ட்டாவின் 120 கப்பல்களோடு மோதினார்கள். எட்டுத் தளபதிகள், பிள்ளை பெரிக்ளிஸ் அவர்களில் ஒருவன். பெரிய வெற்றி. எதிரி எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்களை இழந்தான். அவனுடைய தளபதி காலிக்ராடிடஸ் கடலில் விழுந்து மாண்டான். ஏதென்ஸ் பக்கம் 25 கப்பல்கள் நஷ்டம்.

ஒரு கப்பலுக்குச் சுமார் இருநூறு பேர். உடைந்த கட்டைகளைப் பிடித்துக்கொண்டு பலர் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார்கள். தளபதிகள் கூடிப் பேசினார்கள். முதலில் மிதப்பவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்றான் டயமெடான். கானனை முற்றுகையிட்டிருக்கும் எதிரியின் மிச்சக் கப்பல்கள் தப்புவதற்குள் உடனே அங்கே பாய வேண்டும் என்றான் எரசினிடிஸ். படையைப் பிரித்து இரண்டையும் செய்யலாம் என்றான் திராஸில்லஸ். இதைத்தான் நாம் தர்மசங்கடம் என்கிறோம். கண் முன்னால் மூழ்கும் தோழனா, துறைமுகத்தில் அகப்பட்ட தோழனா? முடிவில் திராஸில்லஸ் சொன்னபடியே தீர்மானித்தார்கள். 47 கப்பல்களைத் தெராமினிஸ், திராஸிபுலஸ் முதலிய அனுபவஸ்தர்களிடம் ஒப்படைத்து, மிதப்பவர்களை ஏற்றிக்கொள்ளும்படி சொன்னார்கள். மற்றவை மிட்டிலீனிக்கு என்று ஏற்பாடு.

இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றுகிறதா?

அந்தச் சமயத்தில் புயல் எழுந்தது. இரண்டு காரியமும் நடக்கவில்லை. மிதந்தவர்கள் மூழ்கினார்கள். முற்றுகையிட்ட எதிரிக் கப்பல்களும் தப்பிப் போய்விட்டன.

ஏதென்ஸில் வெற்றிச் சந்தோஷம் அடங்கியதும், செத்தவர்கள் எங்கே என்ற கேள்வி எழுந்தது. கிரேக்கர்களுக்குப் பிணத்தை எடுத்து மண்ணுக்குள் வைக்காமல் விடுவது பெரும் பாவம். தளபதிகள் பதவியிலிருந்து இறக்கப்பட்டு அழைக்கப்பட்டார்கள். இரண்டு பேர் ஊர் திரும்பாமல் தப்பித்துக்கொண்டார்கள். ஆறு பேர் வந்தார்கள். பிள்ளை பெரிக்ளிஸும் வந்தான்.

மக்கள் சபையில் தெராமினிஸே எழுந்து தளபதிகள்மேல் குற்றம் சாட்டினான். மீட்கும் பொறுப்பு அவனிடம் கொடுக்கப்பட்டிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தளபதிகள், "அந்தப் பொறுப்பை இவர்களிடம்தான் கொடுத்தோம். ஆனாலும் இவர்களை நாங்கள் குற்றம் சாட்ட மாட்டோம். புயல்தான் தடுத்தது" என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். மாலுமிகள் சாட்சி சொன்னார்கள். கூட்டம் தளபதிகள் பக்கம் சாய்ந்தது. வாக்கெடுத்திருந்தால் தப்பியிருப்பார்கள். ஆனால் பொழுது சாய்ந்து, தூக்கிய கைகளை எண்ண முடியாதபடி இருட்டிவிட்டது. கூட்டத்தை ஒத்திப்போட்டார்கள். முதலில் காற்று, இப்போது இருட்டு.

இடையில் ஒரு பண்டிகை வந்தது. குடும்பத்தார் எல்லாரும் ஒன்றுகூடும் பண்டிகை. வருஷத்தில் அந்தச் சில நாட்களில்தான் ஒவ்வொரு வீட்டிலும் யார் இல்லை என்பது உறைக்கும். தலையை மழித்துக் கறுப்பு உடுத்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஏராளமாக வந்தார்கள். மாவுத் தொட்டியைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் எழுந்தான். நாட்டுக்காக உயிரைக் கொடுத்த எங்களைத் தளபதிகள் கைவிட்டார்கள் என்று ஊரில் போய்ச் சொல் என மூழ்கியவர்கள் தன்னிடம் சொல்லி அனுப்பியதாகக் கூறினான். அந்தப் பேச்சுக்கு எதிராக எந்த நியாயம் நிற்கும்?

எல்லாத் தளபதிகளையும் சேர்த்து ஒரே வாக்கில் தீர்த்துவிடலாம் என்று காலிக்ஸெனஸ் என்பவன் தீர்மானம் கொண்டுவந்தான். அது சட்ட விரோதம். பிள்ளை பெரிக்ளிஸின் உறவினனான யூரிப்டாலமஸ் எழுந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரியுங்கள் என்று மன்றாடினான். சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்களையும் தளபதிகளோடு சேர்த்துத் தண்டியுங்கள் என்று கூட்டம் கூச்சலிட்டது.

அந்த நாளில் ஏதென்ஸில் சபை நடத்தும் குழுவைச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்நூறு பேர் கொண்ட மன்றம். அதில் ஒவ்வொரு வகுப்பின் ஐம்பது பேரும் முறை வைத்துத் தலைமைப் பொறுப்பில் இருப்பார்கள். அன்றைய முறை அன்டியோகிஸ் வகுப்புக்கு வந்திருந்தது. அந்த ஐம்பது பேரில் ஒருவர் சாக்ரடீஸ். அரசாங்கப் பதவி எதையும் நாடிப் போகாத மனிதரைச் சீட்டு அங்கே கொண்டுவந்து உட்கார்த்தியிருந்தது. மற்றவர்கள் பயந்து பணிந்தார்கள். சட்டத்துக்கு விரோதமான எதற்கும் உடன்பட மாட்டேன் என்று அவர் ஒருவர் நின்றார். பயன் இல்லை. முதலில் யூரிப்டாலமஸின் யோசனை ஜெயித்தது. ஆட்சேபம் எழுந்து மறுபடி வாக்கெடுத்தபோது அது தோற்றது. ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள்.

ஈட்டி குற்றவாளியா, எறிந்தவன் குற்றவாளியா என்று ஒரு நாள் முழுதும் யோசித்த மனிதரின் பிள்ளை, புயலின் குற்றத்துக்காகச் செத்தான். தகப்பனார் கண்ணீர் விட்டு வாங்கிக் கொடுத்த குடியுரிமைதான் அவனை அந்த மேடையில் ஏற்றியது. நாவல் எழுதுகிற நான் இப்படி ஒரு கதையைக் கற்பனை செய்து எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கொஞ்ச காலத்தில் ஏதென்ஸ் மக்களுக்கு மறுபடி மனம் மாறியது. தங்களை ஏமாற்றியவர்கள் என்று காலிக்ஸெனஸையும் வேறு சிலரையும் பிடித்து வைத்தார்கள். குழப்பத்தில் தப்பி ஓடிய காலிக்ஸெனஸ், பின்னால் ஊர் திரும்பி, எல்லாராலும் வெறுக்கப்பட்டுப் பட்டினியால் செத்தான் என்று ஸெனபன் எழுதுகிறார். மக்கள் வருந்தியது நிஜம். மிட்டிலீனிக்காக வருந்தியவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். ஆனால் இந்தத் தடவை அனுப்புவதற்கு இரண்டாவது கப்பல் இல்லை. அடுத்த வருஷம், கி.மு. 405ல், ஏகாஸ்பாட்டமியில் கடற்படையை ஏறக்குறைய முழுவதும் பறிகொடுத்து, 404ல் ஏதென்ஸ் சரணடைந்தது. அனுபவமுள்ள தளபதிகள் ஆறு பேரை அது தன் கையாலேயே கொன்றிருந்தது.

இனி நாடகங்களுக்கு வருகிறேன். கி.மு. 458ல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகத்தில், டிராய்க்குப் புறப்பட்ட அகமெம்னானின் கப்பல்கள் அவ்லிஸ் துறையில் எதிர்க்காற்றால் நின்றுபோகின்றன. பெற்ற மகள் இபிஜீனியாவைப் பலி கொடுத்தால் காற்று விடும் என்று குறி சொல்கிறார்கள். மகளைக் கொல்வதும் பாவம். தன்னை நம்பி வந்த படையைக் கைவிடுவதும் பாவம். அகமெம்னான் மகளைக் கொடுத்தான். அங்கேயும் காற்றுதான் ஒரு மனிதனைப் பிடித்து, நீ யார் என்று காட்டு என்கிறது. காற்று ஒழுங்காக வீசியிருந்தால் அவன் சாதாரணத் தகப்பனாகச் செத்திருப்பான்.

சோபாக்ளிஸின் ஈடிபஸை எல்லாருக்கும் தெரியும். தகப்பனைக் கொன்று தாயை மணப்பாய் என்ற சொல்லுக்குப் பயந்து, பெற்றோர் என்று நினைத்தவர்களை விட்டு ஓடுகிறான். மூன்று பாதை சந்திக்கும் இடத்தில் ஒரு கிழவர் அவனை அடிக்கிறார். திருப்பி அடித்துக் கொன்றுவிடுகிறான். அவர்தான் தகப்பனார். பாவத்திலிருந்து விலகி ஓடிய ஒவ்வோர் அடியும் அவனைப் பாவத்துக்கு அருகில் கொண்டுவந்தது. உண்மை தெரிந்ததும் அவன், எனக்குத் தெரியாதே என்று வாதாடவில்லை. தன் கண்களைத் தானே குத்திக்கொண்டான்.

இதை எழுதிய சோபாக்ளிஸ் வெறும் கவி அல்ல. கி.மு. 440ஐ ஒட்டி நடந்த சாமோஸ் போரில் மூத்த பெரிக்ளிஸோடு சேர்ந்து தளபதியாக இருந்தவர். காற்றை நம்பிக் கப்பல் நடத்துவது எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். தொண்ணூறு வயதை நெருங்கிய காலத்தில் அவர் மறுபடி ஈடிபஸை எடுத்தார். கொலோனஸ் என்ற ஊருக்கு வந்து சேரும் குருட்டுக் கிழவனாகக் காட்டினார். இந்தக் கிழவன் வாதாடுகிறான். நான் செய்தவை அல்ல அவை, எனக்கு நேர்ந்தவை. அறியாமல் செய்தேன், சட்டத்தின் முன் நான் சுத்தமானவன் என்கிற தோரணையில் பேசுகிறான். சோபாக்ளிஸ் இறந்தது ஆர்கினூஸே வழக்கு நடந்த காலத்தை ஒட்டித்தான். அந்த நாடகம் அவர் இறந்த பிறகு, கி.மு. 401ல், பேரன் முயற்சியால் மேடையேறியது. தளபதிகளைக் கொன்ற ஜனங்களில் மிச்சமிருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மனசில் என்ன ஓடியிருக்கும்!

ஒரே கவி, ஒரே பாத்திரம், இரண்டு பேச்சு. நான்தான் செய்தேன் என்று கண்ணைக் குத்திக்கொண்டவனும் ஈடிபஸ். என்மேல் குற்றமில்லை என்பவனும் ஈடிபஸ். எது சரி? இரண்டும் சரி என்பதுதான் சோபாக்ளிஸ் கண்டது என்று எனக்குப் படுகிறது. அவன் குற்றவாளி அல்ல. ஆனாலும் அது அவன் கையால் நடந்தது. இந்த இரண்டையும் ஒருசேர மனசில் வைத்துக்கொள்ள நாடக மேடையில் இடம் இருந்தது. கொலைச் சட்டம் வெட்டிய கல்லிலும் இடம் இருந்தது. கறுப்பு உடுத்தவர்கள் நிறைந்த மக்கள் சபையில் இல்லாமல் போயிற்று. துக்கத்தை ஒருவர் தலையில் இறக்கி வைத்தாக வேண்டும் என்ற வேகத்தில், புயலைத் தண்டிக்க முடியாத கோபம் மனிதர்கள்மேல் பாய்ந்தது.

நம் காலத்திலும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். 1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ ஆசிரியர்கள் இதற்கு அற அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்து எழுதினார்கள். வில்லியம்ஸ் ஒரு லாரி டிரைவரைச் சொல்கிறார். தன் தவறு எதுவும் இல்லாமல் ஒரு குழந்தைமேல் வண்டியை ஏற்றிவிட்டவன். உன் தப்பில்லையப்பா என்று சுற்றி இருப்பவர்கள் தேற்றுகிறார்கள், தேற்றுவதுதான் முறை. ஆனால் அவன் சட்டென்று தேறிவிட்டு, ஆமாம் என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனால் நமக்கு என்னவோ செய்கிறது. வேடிக்கை பார்த்தவன் படும் வருத்தம் வேறு. செய்தவன் படும் வருத்தம் வேறு. பிந்தியது குற்ற உணர்ச்சி அல்ல; இருந்தாலும் அது இல்லாத மனிதனோடு நமக்குப் பழகப் பிடிக்காது. சோபாக்ளிஸ் இதைத்தானே சொன்னார்!

என் கதையில் டிரைவரைப் போல நான் முழுக்கக் குற்றமற்றவன் அல்ல. மறந்தது என் தப்பு. ஆனால் அந்தத் தப்பு எவ்வளவு பெரிது என்பதை நிர்ணயித்தது நான் அல்ல. அதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்று நாகபுரியிலிருந்து வந்த பிள்ளை, எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து என் தோளைத் தொட்டு, "நீதான் கடிதத்தைத் தபாலில் போட்டியாமே, தம்பி. ரொம்ப உபகாரம்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கடிதத்தை மறந்ததில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. அந்த மௌனத்தில் அதற்குப் பங்கே கிடையாது. அது முழுக்க முழுக்க என்னுடையது.

இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு வெகு காலம் ஆயிற்று. தெராமினிஸை நான் கோபத்தோடு படித்ததற்கும் காரணம் அதுதான் என்று தோன்றுகிறது. மிதந்தவர்களை மீட்க முடியாமல் போனது அவன் குற்றம் அல்ல. அதற்கப்புறம் அவன் சபையில் எழுந்து பேசியதற்குப் புயல் பொறுப்பில்லை.

பல வருஷங்களுக்குப் பின் ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தாள். ஓய்வுபெற்று அந்த வீட்டிலேயே வந்து தங்கிவிட்ட பிள்ளை, நரைத்த தலையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பூகோளப் புத்தகம், மூன்று நாள், அன்றைய மௌனம் எல்லாம்.

அவர் வெகு நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். திரும்பி வரமாட்டாரோ என்று நினைத்தேன். இரண்டு டம்ளர் காபியோடு வந்து, ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஆறிடப் போறது, சாப்பிடு" என்றார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அது மன்னிப்பா, வீடு தேடி வந்தவனுக்குச் செய்யும் வழக்கமான உபசாரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.